ஆங்கிலத்தில் சைக்கிள் ஓட்டிய கதை

நம் சங்கத்துக் குடும்பங்களில் நாலு பேர் சேர்ந்தால் இப்போது அடிபடுகிற பேச்சு ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’ என்கிற ஆங்கிலத் தேர்வைப் பற்றித்தான். ஒரு காலத்தில், “உங்க பையனுக்கு ரயில்வே பரீட்சை எப்போ?” என்று விசாரித்துக்கொள்வோம். இப்போது, “உங்க பொண்ணு எத்தனை பேண்ட் வாங்கினா?” என்று கேட்கிறார்கள். பேண்ட் என்றால் ஏதோ கல்யாண வாத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அது மதிப்பெண். ஒன்பதுதான் உச்சம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் திருச்சி பொன்மலைக்காரன். மெக்கானிகல் டிப்ளமா முடித்து 1983-இல் ரயில்வேயில் சேர்ந்து, நாக்பூருக்கு வந்து, இங்கேயே முதுநிலைப் பிரிவுப் பொறியாளராக 2021-இல் ஓய்வு பெற்றவன். ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் முதல் ஆறு மாதம் வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவன் ஆங்கிலப் பேச்சுத் தேர்வைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்றே நினைக்கிறேன். விழுந்து எழுந்தவனுக்குத்தான் மேடு பள்ளம் தெரியும்.

ஒரு தகப்பனார் வந்தார்

2024-ஆம் வருஷம், நாக்பூர் வெயில் உச்சத்தில் இருந்த மே மாதத்தில் ஒரு சாயங்காலம், எனக்குப் பல வருஷமாகத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கேன்டீனில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்தவர். அவருடைய ஒரே மகள் நர்சிங் படித்து, நான்கு வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. அங்கே நர்சாகப் பதிவு செய்துகொள்ள இந்தத் தேர்வில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் ஏழு, எழுதுவதில் ஆறரை வேண்டும். மற்ற மூன்றிலும் அவள் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு தடவையும் ஆறு. ஒரு தடவை உட்காரவே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும்.

“சார், ஆஸ்பத்திரியில டாக்டருங்ககிட்ட நல்லாத்தான் இங்கிலீஷ்ல பேசுறா. பரீட்சையில மட்டும் என்னவோ ஆயிடுது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் கையில பணம் இருக்கு. நீங்க கொஞ்சம் பாருங்க சார்” என்றார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். கையில் கோச்சிங் வகுப்பில் கொடுத்த தடித்த புத்தகம். “மாமா, போன தடவை சைக்கிளைப் பத்திக் கேட்டாங்க. நான் முழுசாச் சொன்னேன். இருந்தும் ஆறுதான் வந்தது” என்றாள். அதை எனக்கும் சொல்லிக் காட்டு என்றேன். கண்ணை மேலே சொருகிக்கொண்டு ஒப்பித்தாள். “மை மோஸ்ட் செரிஷ்டு பொசஷன் ஈஸ் எ ஸ்போர்ட்ஸ் பைசைக்கிள் வித் ட்வென்டி ஒன் கியர்ஸ்” என்று ஆரம்பித்து, சுற்றுச்சூழல், உடல்நலம், மன அமைதி என்று ஒன்றரை நிமிஷம் மூச்சு விடாமல் ஓடியது.

முடித்ததும், “சைக்கிள் என்ன கலர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் இல்லை. “எந்தக் கடையில் வாங்கினது?” அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, அது என் சைக்கிள் இல்ல. புக்ல இருந்தது” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. 1998-இல் நான் இருந்த நிலை ஞாபகம் வந்தது.

சைக்கிள் ஏன் விழவில்லை?

1998-இல் அதிகாரி பதவிக்கான இலாகாத் தேர்வு எழுதினேன். எழுத்தில் தேறி, நேர்முகத்துக்குப் போனேன். பத்து நாள் தூங்காமல் ஏர் பிரேக் முழுவதையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ அழுத்தம் என்பதிலிருந்து கடைசி வால்வு வரைக்கும் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, வேலைக்கு எதில் வருகிறாய் என்று கேட்டார். சைக்கிளில் என்றேன். “அப்படியானால், ஓடுகிற சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று சொல்லேன்” என்றார். தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவன் நான். செயின் மாற்றுவேன், வீல் பெண்டு எடுப்பேன், பால்ஸ் மாற்றிக் கப்பு கோன் முடுக்குவேன். ஆனால் வாயிலிருந்து வந்தது ‘பேலன்ஸ், சார்’ என்ற இரண்டே சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழவில்லை. நான் தேறவில்லை. அவர்கள் மேல் தப்பே கிடையாது. எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டார்கள். நான்தான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பழகாமல், யாரோ எழுதி வைத்ததைச் சொல்லிப் பழகியிருந்தேன்.

வாசகர்களில் சிலருக்கு அந்தக் கேள்விக்கு என்னதான் பதில் என்று தோன்றும். சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் தானாகவே இடது பக்கம் திரும்புகிறது. அதனால் சக்கரங்கள் சாய்கிற பக்கத்துக்கே நகர்ந்து, மறுபடியும் பாரத்துக்கு அடியில் வந்துவிடுகின்றன. சுற்றுகிற சக்கரம் பம்பரம் போல நிற்பதுதான் முழுக் காரணம் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011-இல் ‘சயின்ஸ்’ ஆராய்ச்சி இதழில் சில பொறியாளர்கள், அந்தப் பம்பர விளைவு இல்லாதபடி செய்த ஒரு சைக்கிளும் ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடும் என்று செய்து காட்டினார்கள். இதை நாலு எளிய வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு அப்புறம் பல வருஷம் பிடித்தது.

தேர்வு எப்படி நடக்கிறது?

முதலில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து தேர்வின் அமைப்பைப் புரிந்துகொண்டேன். பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிஷம். எதிரே ஒரே ஒரு தேர்வாளர். சில இடங்களில் வீடியோவில் வருவார். எல்லாம் பதிவாகும். முதல் பகுதி நாலைந்து நிமிஷம்: வீடு, வேலை, பழக்கவழக்கம் பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையும் தாளும் பென்சிலும் கொடுப்பார்கள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிஷம் நாமே தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாம் பகுதி மறுபடி நாலைந்து நிமிஷம்: அட்டையில் வந்த விஷயத்தையே கொஞ்சம் விரித்து, ஊருக்கும் உலகத்துக்கும் பொதுவாகக் கேட்பார்கள்.

மதிப்பெண் நான்கு வகையில், நான்குக்கும் சம எடை. தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது ஒன்று. சொல்வளம் இரண்டு. இலக்கணம் மூன்று. உச்சரிப்பு நான்கு. இதில் ‘உண்மையா, பொய்யா’ என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. அதனால்தான் பிள்ளைகள், எதைச் சொன்னால் என்ன என்று புத்தகத்தை ஒப்பிக்கிறார்கள். ஆனால் தேர்வாளர்கள் பயிற்சி பெற்றவர்கள். ஒப்பிக்கிற குரல் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஒப்பித்தவர் திண்டாடிப் போவார். என்னிடம் அந்தப் பெண் திண்டாடியது போலத்தான்.

சின்னக் கேள்விக்கு மூன்று படி

முதல் பகுதியில் அவளுடைய குறை, பதில் சட்டென்று முடிந்துபோவது. ‘டு யூ ரைட் எ பைசிக்கிள்?’ என்றால் ‘நோ’ என்பாள். கேட்டவர் காத்திருப்பார். இவளும் காத்திருப்பாள்.

வண்டி ஒன்று பழுதானால் நாங்கள் பதிவேட்டில் மூன்று விஷயம் எழுதுவோம்: என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, எங்கே எப்போது. அதையே அவளுக்குச் சொன்னேன். பதிலைச் சொல், காரணத்தைச் சொல், ஒரு சின்ன உதாரணம் சொல். மூன்று படி, அதற்கு மேல் வேண்டாம். அவளாகவே யோசித்துச் சொன்னது இது: ‘நாட் எனி மோர். ஐ யூஸ்ட் டு ரைட் ஒன் டு ஸ்கூல், பட் மை ஹாஸ்பிடல் ஈஸ் டென் கிலோமீட்டர்ஸ் அவே அண்ட் ஐ ஒர்க் நைட் ஷிஃப்ட்ஸ், ஸோ ஐ டேக் த பஸ் நவ்.’

கவனியுங்கள், கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘யூஸ்ட் டு’ வந்துவிட்டது. அது பழைய வழக்கம், இப்போது இல்லை என்று காட்டுகிறது. நேற்றும் இன்றும் ஒரே பதிலில் வருவதால் இலக்கணத்துக்கும் இடம் கிடைக்கிறது. கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் ‘ஸாரி, குட் யூ ரிபீட் த கொஸ்சன்?’ என்று கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகள்

நாம் வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியும் மராட்டியும், ஆபீசில் ஆங்கிலம் என்று பேசுகிறவர்கள். ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் என்ற ஒரே விஷயத்தில் அவளும் நானும் செய்த பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். எல்லாருக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ வேண்டாம். ‘ஐ ஹேவ் எ சைக்கிள்’ போதும்.

‘ஐ லேர்ன்ட் சைக்கிள்’ இல்லை. ‘ஐ லேர்ன்ட் டு ரைட் எ சைக்கிள்’.

காரைத்தான் ‘டிரைவ்’ செய்வார்கள், சைக்கிளுக்கு ‘ரைட்’.

‘பை மை சைக்கிள்’ தப்பு; ‘ஆன் மை சைக்கிள்’ அல்லது வெறும் ‘பை சைக்கிள்’. அதே மாதிரி ‘பை வாக்’ கிடையாது, ‘ஆன் ஃபுட்’.

‘ஐ ஆம் ரைடிங் சின்ஸ் டென் இயர்ஸ்’ நம் ஊர் ஆங்கிலம். ‘ஐ ஹேவ் பீன் ரைடிங் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி.

காற்றடிப்பதை ‘ஃபில்லிங் ஏர்’ என்கிறோம். ‘பம்ப் அப் த டயர்ஸ்’ என்றால் இயல்பாக இருக்கும்.

‘மை சைக்கிள் பிகேம் பஞ்சர்’ வேண்டாம். ‘ஐ காட் எ பங்க்சர்’ அல்லது ‘மை டயர் வென்ட் ஃப்ளாட்’.

‘மை சைக்கிள் கேம் டு ரிப்பேர்’ என்பது தமிழ் வாக்கியம். ‘மை சைக்கிள் ப்ரோக் டவுன்’.

செயின் கழன்றால் ‘த செயின் கேம் ஆஃப்’; அறுந்தால் ‘த செயின் ஸ்னாப்டு’. தமிழில் நாம் இரண்டையும் பிரித்துத்தானே சொல்கிறோம்?

‘டபுள்ஸ் போனோம்’ என்பதை அப்படியே சொன்னால் வெள்ளைக்காரர் டென்னிஸ் என்று நினைப்பார். ‘ஹி கேவ் மி எ லிஃப்ட் ஆன் ஹிஸ் சைக்கிள்’ என்றால் புரியும்.

‘குரங்கு பெடல்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். ஹிந்திக்காரர்கள் ‘கைஞ்சி’ என்பார்கள், கத்தரிக்கோல். ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லைத் தேடி அலைய வேண்டாம், நடப்பதை விவரித்துவிடு என்றேன். ‘ஐ வாஸ் டூ ஷார்ட் டு ரீச் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த கிராஸ்பார் அண்ட் பெடல்டு லைக் தட்.’ சொல் தெரியாத இடத்தில் சுற்றி வளைத்துப் புரியவைப்பதும் சொல்வளத்தில் ஒரு பகுதிதான். அதற்கும் மதிப்பு உண்டு. இது தெரியாமல்தான் பல பிள்ளைகள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார்கள்.

நாக்கும் காதும்

உச்சரிப்பில் நம்முடைய தமிழ் வாடையை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரே இருப்பவருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான். பி.பி.சி. மாதிரி பேச முயற்சி செய்து நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் சில சொற்களைச் சரி செய்துகொள்வது நல்லது.

சைக்கிள் என்பது சைக்கிள்தான். ஆனால் ‘பை’ முன்னால் சேர்ந்ததும் அது ‘பைசைக்கிள்’ ஆவதில்லை, ‘பைசிக்கிள்’ ஆகிறது. அழுத்தம் முதல் அசையில். மோட்டார்சைக்கிளில் மறுபடியும் ‘சை’ வந்துவிடும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், ஆங்கிலம் அப்படி. நானே அறுபது வயது வரை பைசைக்கிள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘வெஹிக்கிள்’ என்பதில் ‘ஹ’ ஒலிக்காமல் ‘வீயிக்கிள்’ என்று சொல்வது பிரிட்டிஷ் வழக்கம். பஞ்சர் இல்லை, பங்க்சர். ‘ரிப்பேர்’ என்பதில் அழுத்தம் பின் அசையில். இவற்றைத் தினம் காலையில் ஐந்து நிமிஷம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். செல்போனில் பதிவு செய்து அவளே கேட்டுத் திருத்திக்கொண்டாள்.

அட்டைக்கு ஒரு நிமிஷம்

இரண்டாம் பகுதிதான் அவளுக்குப் பூதம். ஒரு நிமிஷத்தில் அவள் முழு வாக்கியங்களாக எழுதப் பார்ப்பாள். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். வாக்கியம் வேண்டாம், ஐந்து சொல் மட்டும் எழுது என்றேன். யாருடையது, எப்படி இருந்தது, எப்போது, என்ன நடந்தது, இப்போது என்ன நினைக்கிறேன். ஐந்துக்கும் ஒவ்வொரு சொல். நடந்ததைச் சொல்லும் நாலாவது சொல்லுக்குத்தான் பாதி நேரம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் தேர்வாளர் நிறுத்திவிட்டால் பயப்பட வேண்டாம். அது அவர்கள் விதி, நம் தப்பு இல்லை.

“சரி, இப்ப உன் நிஜ சைக்கிளைப் பத்திச் சொல்லு” என்றேன்.

“எங்க வீட்ல இருந்தது அப்பாவோட பழைய சைக்கிள்தான் மாமா. அதைப் போய் எப்படிச் சொல்றது? அவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள்.

இதுதான் முடிச்சு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்தியொரு கியர் சைக்கிள் அவள் வாயில் வந்ததற்குக் காரணம் புத்தகம் மட்டும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. என்னுடைய 1998-ஆம் வருஷத்து நேர்முகக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் மெல்ல ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

கறுப்புச் சைக்கிள். முன் கம்பியில் துண்டைச் சுற்றி அதில் அவளை உட்கார வைத்து அப்பா பள்ளிக்கூடம் கொண்டு விடுவார். வளர்ந்த பிறகு பின் கேரியர். பன்னிரண்டாம் வகுப்பு போர்டு பரீட்சை அன்று பாதி வழியில் செயின் அறுந்துவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பூட்டைத் தேடக்கூட நிற்காமல் அப்பா சைக்கிளை ரோட்டோரம் சாத்திவிட்டு, ஓர் ஆட்டோவை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது சைக்கிள் இல்லை. வீட்டில், ரிப்பேருக்கு விட்டிருக்கிறேன் என்றார். பரீட்சை முடிகிற வரை விடியற்காலையிலேயே எழுந்து கேன்டீனுக்கு நடந்தே போனார். கடைசிப் பரீட்சை முடிந்து வரும்போது பஞ்சர் கடைக்காரர்தான் இவளிடம், “உங்க அப்பா சைக்கிள் கிடைச்சுதா?” என்று ஹிந்தியில் கேட்டிருக்கிறார். இவள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

இதைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் காலம் தப்பியது, ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் தடுமாறினாள். ஆனால் கண் மேலே சொருகவில்லை. என்னைப் பார்த்துப் பேசினாள். இரண்டு நிமிஷம் போனதே தெரியவில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தினோம். ‘வாஸ் ஸ்டோலன்’, ‘ஹேட் ஆல்ரெடி கான்’ என்று இறந்த காலத்துக்கு முந்தைய இறந்த காலமும் கதைக்குத் தேவையாகவே வந்து சேர்ந்தது. எந்தப் புத்தகமும் திணிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் பகுதிக்குக் கொஞ்சம் சரக்கு

மூன்றாம் பகுதியில் ‘அரசாங்கம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட வேண்டுமா?’, ‘சைக்கிள் ஒரு சமூகத்தை மாற்றுமா?’ என்கிற மாதிரி கேட்டால், கருத்து மட்டும் போதாது, கையில் ஒன்றிரண்டு உண்மைச் செய்தி இருந்தால் பேச்சு நிற்கும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன்.

1817-இல் ஜெர்மனியில் கார்ல் ஃபான் டிரைஸ் செய்த வண்டிக்குப் பெடலே கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டிதான் இன்றைய சைக்கிளின் தகப்பன். 1888-இல் டன்லப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். நெதர்லாந்தில் இன்று மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம்.

நம் புதுக்கோட்டைச் செய்தியும் சொன்னேன். 1990-களின் ஆரம்பத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பஸ்ஸுக்கோ ஆண்களுக்கோ காத்திராமல் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் அவர்களே போய்வந்தார்கள். பீகாரில் 2006-இல் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. அதனால் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் உயர்ந்தது என்று பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இதைக் கேட்டுவிட்டு அவள், “எங்க அப்பாவும் அதைத்தானே மாமா செஞ்சாரு, திட்டம் இல்லாமலே” என்றாள். அதையே ஆங்கிலத்தில் சொல்லு என்றேன்.

வாசற்படியில் ஒரு நாள்

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் போக அப்பாவும் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் தேர்வாளர் மாதிரி கடிகாரத்தை மேஜையில் வைத்து, அட்டையைக் கொடுத்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ‘மை ஃபாதர்’ என்பதும் ‘சைக்கிள்’ என்பதும் மட்டும் புரிந்திருக்கும். தலை நிமிர்ந்து பார்த்தார். ‘செயின்’, ‘ஆட்டோ’, ‘எக்ஸாம்’ என்று ஒவ்வொன்றாக வந்தபோது அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவள் முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். அப்புறம், “அது உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார்.

“பஞ்சர் கடை அங்கிள் சொன்னாருப்பா, அப்பவே.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது பழைய சைக்கிள்தானே. போனாப் போகுதுன்னு விட்டேன்” என்றார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் சைக்கிளைப் பற்றி அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

தேர்வில் சைக்கிள் அட்டை வரவில்லை. உங்களுக்கு ஒருவர் உதவி செய்த நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வந்திருக்கிறது. அவள் யோசிக்கவே இல்லையாம். ஐந்து சொல் எழுதி, இந்தக் கதையையே சொல்லியிருக்கிறாள். ஒப்பித்த இருபத்தியொரு கியர் சைக்கிளாக இருந்தால் அந்த அட்டைக்குப் பொருந்தியிருக்குமா? பேச்சில் ஏழு வந்தது. அதற்கு மேல் வரவில்லை, அதற்கு மேல் தேவையும் இல்லை. இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருப்பதாகவும், அதில்தான் வேலைக்குப் போவதாகவும் சென்ற பொங்கலுக்குப் போனில் சொன்னாள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

எல்லாரும் ஏழு வாங்கிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடிப்படை ஆங்கிலம் இருந்தது, தினம் ஒன்றரை மணி நேரம் இரண்டு மாதம் உழைத்தாள். கோச்சிங் வகுப்பு கூடாது என்றும் சொல்லவில்லை. தேர்வின் முறையை அங்கே கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பதிலில் வைக்க வேண்டிய சரக்கு நம் வீட்டில்தான் இருக்கிறது. ஊரை விட்டு வந்து இங்கே பிழைத்த கதை, மொழி தெரியாமல் காய்கறி வாங்கிய கதை, முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிள் என்று ஒவ்வொரு வீட்டிலும் எத்தனையோ உண்டு. அதை நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று நாமும் நினைக்கிறோம், அவர்களும் நினைக்கிறார்கள்.

நம் சங்கக் கட்டடத்து வாசக சாலையில் ஞாயிறு காலை பத்து மணிக்கு இப்போது நாலைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். ஓய்வு பெற்ற நண்பர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வசதியாக இருக்கும். இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கடிகாரம் பார்க்கவும், பிள்ளை சொல்வதை முழுவதும் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்தால் போதும். கட்டணம் எதுவும் இல்லை. வருகிற பிள்ளைகள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். அதற்கு முந்தின நாள் அப்பாவிடமோ அம்மாவிடமோ, “உங்க முதல் சைக்கிளைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வரட்டும்.